கர்ப்பப்பை ஆபரேஷன்

தெய்வாத்தாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி தொண்ணூற்றேழாம் வருடம் பங்குனி மாதம் ஊருக்குள் பரவியது. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார்கள். அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கர்ப்பப்பை அவள் வயிற்றில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. டாக்டர்கள் எடுத்தது இடது மார்பை.

சத்தியமங்கலத்திலிருந்து வாய்க்கால் கரையோடு நாலு மைல் உள்ளே அவர்கள் ஊர். கணவன் நஞ்சுண்டனுக்கு மூன்று ஏக்கர் மல்லிகைத் தோட்டம், கொஞ்சம் வாழை. ஒரே மகள் சண்முகப்பிரியா.

அந்தக் கட்டி முதன்முதலில் தெய்வாத்தாளின் விரலில் தட்டுப்பட்டது முந்தைய வருடம் ஆடியில். குளிக்கும்போது சோப்புக் கையில் ஏதோ உருண்டது. புளியங்கொட்டை அளவு. அமுக்கினால் வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பூக்கூடை இடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் தினமும் குளிக்கும்போது ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொள்வாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் முதலில் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வருடத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்ததே கிடையாது.

புரட்டாசியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து வேனில் டாக்டர்கள் வந்தார்கள். கிராம நர்ஸ் யாஸ்மின் தன் மொபெட்டில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். "பொம்பளைங்களுக்குன்னே தனியா ஒரு டாக்டரம்மா வர்றாங்கக்கா. மார்புல கட்டி இருக்குதான்னு பாப்பாங்க. கதவச் சாத்திக்கிட்டுத்தான் பாப்பாங்க, கூச்சப்படாம வாங்க" என்றாள். அவள் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொன்னதைக் கேட்டுத் தெய்வாத்தாளுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிசை. சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் வரிசை வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து போனது. மூன்றாம் வகுப்பு வாசலில் இருந்த மற்ற வரிசையில் இரண்டே பேர் நின்றார்கள். தெய்வாத்தாள் அந்தப் பக்கம் நாலு அடி நடந்தாள். பின்னாலிருந்து மாசாணியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். மாசாணியம்மாள் நஞ்சுண்டனின் தம்பி மனைவி, பக்கத்து வீடு.

"அக்கா, அங்கெங்க போறீங்க? கல்யாணத்துக்குப் பொண்ண வெச்சிக்கிட்டு அந்த வரிசையில நின்னா, இவளுக்கு என்னமோ இருக்குதுன்னு நாளைக்கே பேசுவாங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா என்னாகும்?"

பிரியாவுக்குத் திருப்பூரில் சம்பந்தம் பேசி முடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பனியன் கம்பெனி வைத்திருக்கும் குடும்பம். தெய்வாத்தாள் திரும்பி வந்து பெரிய வரிசையில் நின்றுகொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் மீசை சரியாக முளைக்காத இளம் டாக்டர். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டார். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் தவறாமல் சாப்பிட்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க அலைந்ததிலும் சீர் சாமான் வாங்கியதிலும் நாட்கள் ஓடின. கல்யாண ரவிக்கைக்கு அளவெடுக்க வந்த தையல்காரப் பெண்ணிடம் பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்பினாள். அதற்குள் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. மேலே தோல் சுருங்கி உள்ளே இழுத்தது. முகூர்த்தத்தன்று மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவளும் போட்டாள். இனி சொல்லலாம் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

சொல்ல இன்னும் ஒரு மாதமாயிற்று. மாசி மாதத்தில் ஒரு காலை, நஞ்சுண்டன் பூவை மண்டிக்கு அனுப்பிவிட்டு வந்து தோட்டத்து மோட்டாரடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"நெஞ்சுல ஒரு கட்டிங்க."

"நெஞ்சு வலியா? சத்திக்குப் போயி ஈசிஜி எடுத்துப்போட்டு வந்தரலாமா?"

"அந்த நெஞ்சு இல்லீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிய விதத்தில் அவருக்குப் புரிந்தது. பார்வையை வாழைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"ஆடியில இருந்துங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஏழாவது விரலில் நின்றார். "ஏம்புள்ள சொல்லுல?"

"பிரியா கல்யாணம் முடியட்டும்னு இருந்தனுங்க."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நஞ்சுண்டன் அதை நிறுத்திவிட்டு, சட்டை மாற்றப் போனார். மத்தியானத்துக்குள் இருவரும் கோயமுத்தூர் பஸ்ஸில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா நஞ்சுண்டனைப் பார்க்காமல் தெய்வாத்தாளைப் பார்த்துத்தான் பேசினார். "சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா வேற வழி யோசிச்சிருக்கலாம்மா. இப்ப முழுசா எடுத்துரணும். எடுத்துட்டா நல்லாருப்பீங்க." பிறகு கேட்டார்: "பொண்ணு இருக்காளா?"

"இருக்காளுங்க. கட்டிக் குடுத்தாச்சுங்க."

"அவகிட்டச் சொல்லிருங்க. ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க. எப்படிப் பாத்துக்கணும்னு நான் சொல்லித் தர்றேன். அம்மாவுக்கு வந்திருந்தா பொண்ணு கொஞ்சம் கவனமா இருக்கணும்."

தெய்வாத்தாள் தலையாட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் போத்தனூர் பங்காரம்மா. ரயில்வேயில் வேலை பார்த்துச் செத்துப்போனவரின் மனைவி. அறுபது வயதுக்கு மேல். தெய்வாத்தாளுக்கு மயக்கம் தெளிந்த மறுநாளே தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் கேட்டாள்:

"ஏம்மா, உனக்கு எந்தப் பக்கம்?"

இதை ஒருத்தி இப்படிச் சத்தமாகக் கேட்பாள் என்று தெய்வாத்தாள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இடதுங்க" என்றாள்.

"எனக்கு வலது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்று பங்காரம்மா சிரித்தாள். தையல் இழுக்க, தெய்வாத்தாளும் சிரித்தாள். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றி, கையை மெல்லத் தூக்கிப் பழக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் பங்காரம்மாதான். தினமும் இரண்டு பேரும் அந்தப் பச்சைச் சுவர் முன்னால் நின்று, யார் விரல் மேலே போகிறது என்று போட்டி போட்டார்கள். கிளம்பும்போது விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஆனால் போத்தனூருக்குப் போவதற்கு ஊரில் என்ன காரணம் சொல்வது? தெய்வாத்தாள் ஒருநாளும் போகவில்லை.

ஊர் திரும்பும் வழியில், அன்னூர் தாண்டியதும் நஞ்சுண்டன் சொன்னார்: "ஆரு கேட்டாலும் கர்ப்பப்பை எடுத்தாங்கன்னு சொல்லிப்போடு. நானும் அப்படித்தான் சொல்லியிருக்கறேன். சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா நல்லாருக்காது. புதுசாக் குடுத்த புள்ள."

"பிரியாகிட்டயும் அப்படித்தானுங்களா?"

"அவகிட்டச் சொன்னா அங்க சொல்லாம இருப்பாளா?"

அதனால்தான் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்தன. கர்ப்பப்பை என்றால் யாருக்கும் கூச்சம் இல்லை. அதை எடுத்தவர்கள் ஊரில் பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். "எத்தன தையலுங்க?" "உங்களுக்கும் ரத்தப்போக்கு இருந்துச்சா?" "கனமெல்லாம் தூக்கிப்போடாதீங்க, அடி இறங்கிப்போகும்." ஒருத்தி சொன்ன பதிலை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தவளிடம் தெய்வாத்தாள் சொன்னாள். வயிற்றில் வலிக்கிறதா என்று கேட்டபோது, ஆமாங்க என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது அக்குளில். பிரியாவும் திருப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள் கூடவே இருந்தாள். கட்டு மாற்றுகிற நேரத்தில் நஞ்சுண்டன் மகளை ஏதாவது வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிடுவார்.

அப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது; கேட்டவர்களிடம் உடம்பில் ரத்தம் இல்லாததால் என்று சொன்னாள். கதிர்வீச்சுக்கு, ஊர்ப்பேச்சில் கரண்டு வைக்க, ஐந்து வாரம் கோயமுத்தூரில் தங்க வேண்டியிருந்தது. கொடுமுடியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நஞ்சுண்டன் சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு சந்தில், நோயாளிகள் தங்கும் அறையில் ஒரு பாயும் தண்ணீர்க் குடமும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். இட்லி வாங்கித் தருவார். மல்லிகை என்ன விலைக்குப் போனது, வாழைக்கு எப்போது தண்ணி விட்டது என்று சொல்வார். அவளைப் பற்றி எதையும் கேட்கமாட்டார். கேட்கத் தெரியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் பஸ் ஏறிப் போனதும் அழுகை வரும்.

வீட்டுக்கு வந்தபின் நஞ்சுண்டன் தன் கட்டிலை முன்கூடத்து ஆசாரத்தில் போட்டுக்கொண்டார். "உனக்குக் காத்தாட இருக்கட்டும்" என்றார். அந்தத் தழும்பை அவர் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. அவள் மட்டும்தான் பார்த்தாள், குளிக்கும்போது.

இடது கை வீங்கி வளையல் இறங்காமல் போயிற்று. விடிகாலையில் பூ எடுக்க ஆட்களோடு போனவள், இப்போது வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியா முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். வந்த மூன்றாம் நாள், "தலைக்கு எண்ணெ தேச்சு ஊத்தி விடுங்கம்மா" என்று பாத்ரூமுக்குள் நின்று கூப்பிட்டாள். இடது கை மேலே எழும்பாது. சேலை நனைந்தால் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்திருப்பது தெரிந்துவிடும்.

"மாசாணிச் சித்தியக் கூப்புடறேன் கண்ணு."

"ஏன், நீங்க தேச்சு விடமாட்டீங்களா?"

"எனக்கு முடியல, சாமி."

இப்படியே பத்து நாள். மகள் பக்கத்தில் வந்து படுத்தால் அவள் நகர்ந்து படுத்தாள். கட்டிக்கொள்ள வந்தால் அடுப்பில் வேலை இருப்பதாக எழுந்து போனாள். பதினோராம் நாள் பிரியா பெட்டியை எடுத்து வைத்தாள். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம். அங்கயே பாத்துக்கறாங்க" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பையன் பிறந்தான். அம்மா இருந்தும் இல்லாத பெண் என்று சம்பந்தியம்மா யாரிடமோ சொன்னது, சுற்றி வந்து தெய்வாத்தாளின் காதிலும் விழுந்தது.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் ஒரு மத்தியானம் மாசாணியம்மாள் வந்தாள். எப்போதும் வாசலிலேயே பேச்சை ஆரம்பித்துக்கொண்டு வருகிறவள் அன்று சத்தமில்லாமல் வந்து, கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களே, அதுக்கு முன்னால இங்க எங்காச்சும் கட்டி கிட்டி இருந்துச்சுங்களா?" என்று தன் வலது பக்கத்தைத் தொடாமல் காட்டினாள். "கர்ப்பப்பை கெட்டா இங்க கட்டி வருமாமா?"

"எத்தன நாளா இருக்குது?"

"மூணு மாசமா. உங்ககிட்ட மட்டுந்தானுங்க சொல்றேன். எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க்கா."

ஆமாம் வருமாம் என்றோ, வராது என்றோ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். தெய்வாத்தாள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இறக்கினாள். ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பஞ்சை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

மாசாணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதைத்தான் எடுத்தாங்க. கர்ப்பப்பை இல்ல. நான் வெளிய சொல்றதுக்கு ஏழு மாசம் ஆகிப்போச்சு அம்மணி. நீ நாளைக்கே வா, நாங் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் போனார்கள். ஊசிப் பரிசோதனையின் முடிவு வரும்வரை ஐந்து நாள் மாசாணியம்மாள் தினமும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் அவளை அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு இருந்ததில்லை. கடைசியில் அது வெறும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது. மாசாணியம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே குந்தி அழுதாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பஸ்ஸில் சத்தியம் செய்தாள்.

தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். ஆனி முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாத்துக்குடி கொண்டுவந்த பெண்கள் இப்போது வந்தால் நிலைப்படியிலேயே நின்று பேசினார்கள். தண்ணீர் கொடுத்தால், இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேனுங்க என்றார்கள். மாசாணியம்மாள் வருவதையே நிறுத்திவிட்டாள். வேலியோரம் எதிர்ப்பட்டால், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதுபோல் திரும்பிக்கொள்வாள். நஞ்சுண்டன் டீக்கடைக்குப் போவதை விட்டார்.

"எதுக்கு அவளுக்கு அவுத்துக் காட்டுனே?" என்று ஒருநாள் கேட்டார்.

"அவளுக்குக் கட்டி இருந்துச்சுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

ஆடி முதல் வாரத்தில் பிரியா குழந்தையோடு வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க அத்தை கேக்கறாங்க, உங்கம்மாவுக்குக் கேன்சராமான்னு. இல்லவே இல்லைன்னு சண்டை போட்டேன். என்ற பையன் தலையில கைய வெச்சுச் சத்தியம் பண்ணுனேன். எங்கம்மாவப் பத்தி எனக்குத் தெரியாதான்னு கேட்டேன்." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "எனக்குத்தான் தெரியல."

தெய்வாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எண்ணெ தேச்சு விடச் சொன்னா முடியாதுன்னீங்க. பக்கத்துல படுத்தா நகந்து போனீங்க. கட்டிக் குடுத்ததும் என்னைய வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பிரசவ வலியிலகூட உங்களக் கூப்புடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்மா."

"நீ நல்லா வாழோணும்னுதான் கண்ணு..." என்று ஆரம்பித்தாள். குழந்தை அழுதது. பிரியா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தாள். குழந்தை அடங்கியதும், வேறு குரலில் கேட்டாள்:

"எனக்கும் வருமா?"

"வரோணும்னு இல்ல. ஆனாப் பாத்துக்கோணுமாம். டாக்டரம்மா உன்னையக் கூட்டியாரச் சொல்லியிருந்தாங்க. ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாலயே."

அடுத்த வாரம் புதன்கிழமை இருவரும் கோயமுத்தூரில் சந்தித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரியா உள்ளே இருந்த அரை மணி நேரமும் தெய்வாத்தாள் வெளியே பெஞ்சில் பேரனை வலது தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவனை அவள் அத்தனை நேரம் வைத்திருந்தது அதுதான் முதல்முறை. கதவு திறந்தது. பிரியா முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். "ஒண்ணும் இல்லையாம். மாசாமாசம் கையால தடவிப் பாக்கச் சொன்னாங்க. பால்குடி மறந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க."

படி இறங்கும்போது தயங்கிச் சொன்னாள்: "அம்மா, இங்க வந்தது எங்க ஊட்டுல தெரியாது. உங்களோட சேலை எடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் சொல்லிராதீங்க."

தெய்வாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"அப்பச் சேலை எடுக்கோணுமே" என்றாள்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்து, முதலில் விரித்துக் காட்டியதையே எடுத்தார்கள். கத்தரிப்பூ நிறம். "இது எனக்கு எடுக்குமா?" என்று பிரியா கேட்டாள். "எல்லாமே உனக்கு எடுக்கும்" என்றாள் அம்மா. காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் புறப்படும்வரை சன்னலோரம் நின்றாள். பிரியா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

சத்தி பஸ்ஸில் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்தாள். அன்னூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. "அக்கா, அந்தச் சட்டரக் கொஞ்சம் இறக்கி விடுங்க" என்றாள்.

"இந்தக் கை தூக்க வராதுங்க அம்மணி."

அவள் எட்டித் தானே இறக்கிவிட்டு, வீங்கிய கையைப் பார்த்தாள். "என்னாச்சுங்க?"

"ஆபரேஷன் பண்ணுனதுங்க."

"கையிலயா?"

"மார்புல" என்றாள் தெய்வாத்தாள்.

அந்தப் பெண் மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். புளியம்பட்டியில் எழுந்து படிவரை போனவள், நின்று திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்ததுபோல் இருந்தது. பின்னால் வந்தவர்கள் நெருக்க, இறங்கிவிட்டாள். அவளைக் கூப்பிடத் தெய்வாத்தாள் அவசரமாகச் சட்டரைத் தூக்கப் பார்த்தாள். வலது கையால் மட்டும் அதை மேலே ஏற்ற முடியவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.